ஹனிவெல் ஹோம் டி6 ப்ரோ தெர்மோஸ்டாட்: ஃபர்னஸ் விசிறி நிற்காமல் ஓட வேண்டியவர்களுக்கு

கனடாவின் மாடி வீடுகளில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் விசிறியை நாள் முழுக்க ஓட விடுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. விசிறி நின்றிருக்கும் நேரத்தில் பேஸ்மெண்ட் சில்லிட்டுப் போகும், மேல்மாடிப் படுக்கையறை புழுங்கும். காற்று நகரும்போதுதான் ஃபில்டர் தூசியைப் பிடிக்கும். புதுக்காற்றைக் கொண்டுவரும் எச்.ஆர்.வி. பெட்டியின் குழாய் பல வீடுகளில், அறைக் காற்று ஃபர்னஸுக்குத் திரும்பிவரும் ரிட்டர்ன் குழாயோடு இணைந்திருக்கும். விசிறி ஓடாவிட்டால் அந்தப் புதுக்காற்று அறைகளுக்குச் சரியாகப் போய்ச் சேராது. இப்படி ஓட விட நினைத்து, ஃபர்னஸைக் கட்டுப்படுத்தும் சுவர்ப் பெட்டியான தெர்மோஸ்டாட்டில் விசிறியை ‘ஆன்’ செய்தால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது ஓடிவிட்டுத் தானாக நின்றுவிடுகிறது என்பவர்கள் அடுத்து விசாரிப்பது புது தெர்மோஸ்டாட்டைத்தான். அந்த இடத்தில் அதிகம் பரிந்துரைக்கப்படும் ஒன்று, வைஃபை இல்லாத சாதாரண டி6 ப்ரோ. ஹனிவெல்லிலிருந்து 2018இல் பிரிந்த ரெசிடியோ நிறுவனம் ஹனிவெல் ஹோம் என்ற பெயரில் விற்பது இது.

விசிறியை மட்டும் அளவுகோலாக வைத்துப் பார்த்தால் இது வாங்கத் தகுந்த பொருள். ஆனால் விசிறி ஓடாத வீடுகளில் தெர்மோஸ்டாட் குற்றவாளியாக இருப்பது குறைவு. காசைக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளையும் சேர்த்துத்தான் இந்த விமர்சனம்.

டி6 ப்ரோவில் விசிறிக்கு மூன்று நிலைகள்: ஆட்டோ, ஆன், சர்க். திரையில் உள்ள விசிறிப் பொத்தானைத் தொடத் தொட ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். ஆட்டோவில், சூடாக்கும்போதோ குளிரூட்டும்போதோ மட்டும் விசிறி ஓடும். ஆன் என்றால் எந்நேரமும். சர்க் என்பது தோராயமாக 35 சதவீத நேரம், ஒழுங்கற்ற இடைவெளிகளில் ஓட்டுவது. விசிறி விட்டுவிட்டு ஓடுகிறது என்று புகார் சொல்பவர்களில் சிலரது திரையில் தெரிவது இந்த சர்க்தான். பழுது எதுவும் இல்லை, பொத்தானை ஒருமுறை கூடுதலாகத் தொட்டிருக்கிறார்கள். எனவே முதலில் திரையைப் பாருங்கள். வேறு தெர்மோஸ்டாட்களிலும் இதே போன்ற மறைவிடங்கள் உண்டு. ஈகோபீ என்ற வைஃபை தெர்மோஸ்டாட்டில் வீட்டில், வெளியில், உறக்கம் என்ற ஒவ்வொரு நிலைக்கும் விசிறி அமைப்பு தனித்தனி. பகலில் ஆன் என்று வைத்துவிட்டு உறக்கத்தை ஆட்டோவிலேயே விட்டிருந்தால், இரவில் விசிறி நிற்கத்தான் செய்யும்.

இந்தப் பொருளின் பெரிய பலம் அதன் பின்புறத்தில் போடும் இரண்டு ஏஏ பேட்டரிகள். கேட்பதற்குப் பழையகாலத்துச் சங்கதியாகத் தோன்றும். விசிறிப் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

தெர்மோஸ்டாட்டுக்கும் ஃபர்னஸுக்கும் இடையே ஓடுவது 24 வோல்ட் மாறுமின்சாரம். ஆர் வயரில் மின்சாரம் வரும். அதை டபிள்யூவோடு இணைத்தால் சூடு, வையோடு இணைத்தால் ஏசி, ஜியோடு இணைத்தால் விசிறி. சி என்பது மின்சாரம் திரும்பும் பொதுவயர். ஏசி உள்ள வீட்டில் பெரும்பாலும் ஆர், டபிள்யூ, வை, ஜி என நான்கு வயர்கள் சுவருக்கு வந்திருக்கும், சி இருக்காது. வைஃபை தெர்மோஸ்டாட்டுக்கோ எந்நேரமும் மின்சாரம் தேவை, ஆகவே சி வேண்டும். புது வயர் இழுக்கச் சோம்பல்பட்டவர்கள் செய்யும் குறுக்குவழி ஒன்று உண்டு: ஜி வயரைக் கழற்றி அதையே சியாக மாற்றிவிடுவது. ஃபர்னஸ் பக்கத்தில் வையையும் ஜியையும் ஒரு சிறு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள், ஏசி ஓடும்போதாவது விசிறி ஓடட்டும் என்று.

அதற்குப் பிறகு சூடு வரும், ஏசி வரும். விசிறியை மட்டும் தனியாக ஓட்ட முடியாது. கேஸ் ஃபர்னஸில் சூடாக்கும் வேளையில் விசிறியைக் கிளப்புவது தெர்மோஸ்டாட் அல்ல, ஃபர்னஸின் கண்ட்ரோல் போர்டு. அதனால்தான் ஜி வயரே இல்லாத வீட்டிலும் குளிர்காலம் முழுக்க எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தெரியும். சூடு வருகிறது, ஆன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் முதல் சந்தேகம் ஜி மேல்தான் விழ வேண்டும்.

டி6 ப்ரோ பேட்டரியிலேயே ஓடும் என்பதால் சி வயர் கட்டாயமில்லை. நான்கு வயர் வீட்டில் ஜியை அதன் சொந்த வேலைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். சி இருந்தால் அதையும் இணைக்கலாம், அப்போது பேட்டரி வெறும் காப்பாக இருக்கும். இதே பெயரில் வைஃபை வகையும் விற்கிறார்கள். அதற்கு சி வயர் கட்டாயம். கடையில் பெட்டிகள் அருகருகே இருக்கும், எடுக்கும்போது கவனம்.

முன்பு ஜியை சியாக மாற்றிய வீட்டில் டி6 ப்ரோவை மாட்டுபவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஃபர்னஸ் போர்டில் சி முனையில் செருகியிருக்கும் அந்த வயரைக் கழற்றி ஜி முனைக்கு மாற்றுங்கள். வைக்கும் ஜிக்கும் நடுவே போட்ட துண்டு வயரை அகற்றுங்கள். துண்டு வயரை அப்படியே விட்டால் விசிறியை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் வெளியே இருக்கும் ஏசி கம்ப்ரஸரும் சேர்ந்து கிளம்பும். ஜனவரிக் குளிரில் கம்ப்ரஸரை ஓட்டுவது அதைக் கொல்வதற்குச் சமம். பழைய வயரை சி முனையிலேயே விட்டுச் சுவரில் மட்டும் ஜியில் செருகினால் இன்னும் மோசம்: விசிறியை ஆன் செய்ததும் ஆரும் சியும் நேராக மோதும், போர்டின் ஃபியூஸ் போகும்.

இனி, வாங்குவதற்கு முன் செய்யும் சோதனை. தேவைப்படுவது ஒரு மல்டிமீட்டரும் அரை அடி தெர்மோஸ்டாட் வயரும். ஃபர்னஸுக்குப் பக்கத்தில் உள்ள சுவிட்சை அணையுங்கள். தெர்மோஸ்டாட்டைச் சுவர்த் தகட்டிலிருந்து இழுத்தெடுங்கள். தகட்டிலிருந்து ஆர் வயரையும் ஜி வயரையும் விடுவித்து ஒன்றோடொன்று தொடும்படி முறுக்குங்கள். மற்றவை எதிலும் படக்கூடாது. இப்போது ஃபர்னஸ் சுவிட்சைப் போடுங்கள். சாதாரண மோட்டார் என்றால் சில நொடிகளில் கிளம்பும். மின்னணுப் பெட்டியோடு வரும் இசிஎம் வகை மோட்டார் மெதுவாக வேகமெடுக்கும், அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

விசிறி ஓடிவிட்டதா? வயரும் போர்டும் மோட்டாரும் நலம், கோளாறு பழைய தெர்மோஸ்டாட்டில் அல்லது அதன் அமைப்பில். இந்த நிலையில் டி6 ப்ரோ வாங்குவது பயன் தரும். ஓடவில்லையென்றால் நூறு தெர்மோஸ்டாட் வாங்கினாலும் ஓடாது. ஆரையும் ஜியையும் பிரித்துவிட்டு, ஃபர்னஸின் கீழ்க்கதவைத் திறந்து, போர்டின் திருகு வரிசையில் ஆருக்கும் ஜிக்கும் நடுவே அதே துண்டு வயரை இணைத்துப் பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது பாதுகாப்பு சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்திவைத்திருக்கும். சோதிக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் அந்தச் சுவிட்சைக் கையால் அழுத்திப் பிடிக்கலாம். டேப் போட்டு நிரந்தரமாக ஒட்டிவைப்பது ஆபத்து. விசிறிப் பகுதியின் கதவு திறந்த நிலையில் ஃபர்னஸ் எரிந்தால், எரிபகுதியின் புகையை விசிறி வீட்டுக்குள் இழுத்துவிட வாய்ப்புண்டு. போர்டில் இணைத்ததும் ஓடுகிறது, சுவரில் இணைத்தால் ஓடவில்லை என்றால் இடையில் ஜி வயர் அறுந்திருக்கிறது. ஸ்டேப்பிள் ஆணி ஏறிய இடம், எலி கடித்த இடம், நிலவறைக் கூரையை அடைத்தபோது இழுபட்ட இடம் என்று தேடலாம். அதற்கு முன், கேபிளின் உறைக்குள் பயன்படாத வயர் ஏதாவது சுற்றிவைக்கப்பட்டிருக்கிறதா என்று இரு முனையிலும் பாருங்கள். ஐந்து வயர் கேபிளில் நான்கை மட்டும் பயன்படுத்தி ஐந்தாவதை வெட்டாமல் உள்ளே திணித்திருப்பது வழக்கம். நிறத்தை நம்பாதீர்கள். ஜி பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை, எந்த நிறம் எந்தத் திருகில் செருகியிருக்கிறது என்பதே முக்கியம்.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுருக்கமான வழி உண்டு. தெர்மோஸ்டாட்டில் விசிறியை ஆன் செய்துவிட்டு போர்டில் ஜிக்கும் சிக்கும் நடுவே மாறுமின் வோல்ட் அளந்து பாருங்கள். 24 முதல் 28 வரை காட்டினால் தெர்மோஸ்டாட்டும் வயரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன, மிச்சம் ஃபர்னஸ் பாடு. பூஜ்யம் காட்டினால் ஆருக்கும் சிக்கும் நடுவே பாருங்கள். அங்கே 24 இருந்தால் குற்றம் சுவர்ப் பக்கம். அங்கேயும் இல்லையென்றால் ஃபியூஸ் அல்லது டிரான்ஸ்ஃபார்மர்.

டி6 ப்ரோவை மாட்டிய பிறகும் சூடு வருகிறது, விசிறி மட்டும் ஓடவில்லை என்றால், தகட்டில் ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். யூடபிள்யூபி என்று அழைக்கப்படும் அந்தச் சுவர்த் தகட்டில் ஆர், ஆர்சி என்று இரு முனைகளும், அவற்றை இணைக்கவும் பிரிக்கவும் நாக்கு போன்ற ஒரு நகரும் தாவலும் இருக்கும். ஒரே ஆர் வயர் உள்ள வீட்டில் தாவல் மேலே இருக்க வேண்டும். கீழே இறங்கியிருந்தால் சூட்டுப் பக்கத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், விசிறிக்கும் ஏசிக்கும் மின்சாரம் தரும் ஆர்சி வெறுமையாக நிற்கும். திரை ஒளிரும், விசிறி ஆன் என்று எழுத்தும் தெரியும், பேட்டரி இருப்பதால் தெர்மோஸ்டாட்டுக்கு எந்தக் குறையும் தெரியாது. புதிய தெர்மோஸ்டாட்டே பழுது என்று கடையில் திருப்பிக் கொடுக்கப்படும் பெட்டிகளில் இந்தத் தாவலின் கைங்கரியமும் இருக்கும். தகட்டின் வடிவமைப்பில் மற்றதெல்லாம் நன்று. வயரை நேராகச் செருகினால் பிடித்துக்கொள்ளும், திருகு வேண்டாம். ஆனால் வயரின் நுனியைக் கால் அங்குலத்துக்கு மேல் உரித்து நேராக வைத்துச் செருகுங்கள். வளைந்த நுனி பிடிபட்டது போலத் தெரிந்தாலும் தொடாமல் நிற்கும். செருகியதும் மெல்ல இழுத்துப் பாருங்கள்.

ஃபர்னஸ் பக்கத்துக்கு வருவோம். எதுவுமே ஓடவில்லையென்றால் போர்டில் கார் ஃபியூஸ் போன்ற பட்டை ஃபியூஸ் ஒன்று இருக்கும், 3 ஆம்பியர் அல்லது 5 ஆம்பியர். 3 ஊதா, 5 வெளிர்பழுப்பு. போயிருந்தால் அதே அளவிலேயே மாற்றுங்கள். பெரியதைப் போட்டால் அடுத்தமுறை எரிவது ஃபியூஸ் அல்ல, டிரான்ஸ்ஃபார்மர். மாற்றியதும் மீண்டும் போனால், வெளியே ஏசி பெட்டிக்குப் போகும் மெல்லிய வயரை முதலில் பாருங்கள். புல்வெட்டியும் அணிலும் சேதப்படுத்தும் இடம் அது. போர்டில் வை வயரைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு ஃபியூஸ் நிற்கிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

ஜியில் 24 வோல்ட் வருகிறது, விசிறி அசையவில்லை என்றால் காது கொடுத்துக் கேளுங்கள். போர்டிலிருந்து ‘டிக்’ என்ற ஒலி வந்தால், மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே இழுக்கிறது. அப்போது போர்டின் கூல் முனைக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது உயிர் வாங்கக்கூடிய மின்சாரம், பழக்கமில்லாதவர்கள் இந்தப் படியிலிருந்து தொழில்நுட்பரிடம் விட்டுவிடுவது நல்லது. டிக் ஒலி வந்தும் 120 வராவிட்டால் ரிலேயின் தொடுமுனைகள் கருகியிருக்கும், அல்லது ரிலேயின் பின்புறச் சால்டர் விரிசல் விட்டிருக்கும். இரண்டுக்கும் போர்டு மாற்றுவதே வழி. 120 வந்தும் மோட்டார் சும்மா இருந்தால், மோட்டார் சுழல உதவும் கப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது மோட்டாரே போயிருக்கும்.

இங்கே இன்னொரு நுணுக்கம். சூடாக்கும்போது விசிறி ஓடுவதால் மோட்டார் நலம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாதாரண மோட்டாரில் வேகத்துக்கொரு வயர் உண்டு. வழக்கமாகக் கறுப்பு அதிவேகம், நீலம் நடுவேகம், சிவப்பு குறைவேகம். சூட்டுக்கு ஒரு வயர், குளிருக்கு ஒரு வயர். ஜி அழைப்பு பல போர்டுகளில் குளிர் வேகத்தையே இயக்கும், சிலவற்றில் சூட்டு வேகத்தை, இன்னும் சிலவற்றில் தொடர் ஓட்டத்துக்கென்றே தனி முனை இருக்கும். அந்தத் தனி முனையில் வயர் எதுவும் செருகப்படாமல், வேண்டிய வயர் ‘பார்க்’ முனையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தால் ஆன் வேலை செய்யாது, மற்றதெல்லாம் செய்யும். கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தைப் பார்த்து எந்த முனை எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு முனையில் ஒரு வேக வயர்தான் இருக்க வேண்டும். இரண்டு வேக வயர்களைச் சேர்த்துச் செருகினால் மோட்டார் சுருள் எரிந்துவிடும்.

ஓடிக்கொண்டிருந்த விசிறி முக்கால் மணி நேரத்தில் நின்று, அரைமணி கழித்துத் தானாக ஓடத் தொடங்குகிறதா? இது தெர்மோஸ்டாட்டால் வருவதல்ல. மோட்டாருக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு, சூடு ஏறியதும் வெட்டிவிட்டு ஆறியதும் விடுகிறது. ஆட்டோவில் பத்து நிமிடம் ஓடி ஓய்வெடுக்கும் மோட்டாரில் இந்தக் குறை தெரியாது, தொடர் ஓட்டத்தில்தான் அம்பலமாகும். முதல் காரணம் தளர்ந்த கப்பாசிட்டர். ஃபர்னஸ் மோட்டாரில் பெரும்பாலும் 5, 7.5 அல்லது 10 மைக்ரோ ஃபாரட், 370 அல்லது 440 வோல்ட். மின்சாரத்தை நிறுத்தி, முனைகளைக் காப்பிட்ட ஸ்க்ரூடிரைவரால் அல்லது ஒரு ரெஸிஸ்டரால் வெறுமையாக்கி, கழற்றி அளந்து பாருங்கள். எழுதியிருக்கும் மதிப்பிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம், விலை மிகச் சொற்பம். மைக்ரோ ஃபாரட் அதே அளவு இருக்க வேண்டும். வோல்ட் கூடலாம், குறையக்கூடாது.

கப்பாசிட்டர் சரியாக இருந்தால் கையால் விசிறிச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும், உரசல் ஒலி கூடாது. சக்கரத்தின் இதழ்களில் தூசி அப்பியிருந்தால் மோட்டாரைக் குளிரவைக்கும் காற்று குறைந்துவிடும். அடைத்த ஃபில்டரும் இதையேதான் செய்யும். ஃபில்டர் அடைத்தால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும் என்று பலர் சொல்வார்கள், இந்த வகை மோட்டாரில் நடப்பது நேரெதிர். காற்றைத் தள்ளும் வேலை குறைவதால் ஆம்பியர் இறங்கும். ஆனால் மோட்டார் ஆறுவதற்கு வேண்டிய காற்றும் சேர்ந்து இறங்குவதால் சூடு ஏறும். பழைய மோட்டார்களில் எண்ணெய்த் துளை இருந்தால் வருடத்துக்குச் சில சொட்டு, டிடர்ஜென்ட் கலக்காத எஸ்ஏஇ 20 எண்ணெய். துளையில்லாத மோட்டாரில் எண்ணெய் வேலை இல்லை.

இசிஎம் மோட்டார் வேறு சாதி. அமெரிக்காவில் 2019 ஜூலை 3 முதல் தயாராகும் ஃபர்னஸ் விசிறிகளுக்கு மின்திறன் வரம்பு வந்தபின் புது ஃபர்னஸ்களில் பெரும்பாலும் இதுதான். கப்பாசிட்டர் கிடையாது, மோட்டாரின் முதுகில் மின்னணுப் பெட்டி ஒட்டியிருக்கும். 120 வோல்ட் எந்நேரமும் வந்துகொண்டே இருக்கும், எப்போது எந்த வேகத்தில் சுற்றுவது என்பதைத் தனிச் சமிக்ஞை சொல்லும். வேக முனைகள் உள்ள எளிய வகையில் அந்தச் சமிக்ஞையும் 24 வோல்ட். 120 இருக்கிறது, உரிய முனைக்கும் சிக்கும் நடுவே 24 இருக்கிறது, ஆனாலும் மோட்டார் ஓடவில்லை என்றால் பெட்டி போய்விட்டது. பிளக்கைக் கழற்றுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருங்கள். மாறுவேக வகையில் தொடர் ஓட்டத்தின் வேகத்தைப் போர்டில் உள்ள சிறு டிப் சுவிட்சுகள் தீர்மானிக்கும். மிகக் குறைந்த வேகத்தில் வைத்திருந்தால் விசிறி ஓடுவதே தெரியாது, காற்றுத்துளையில் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பார்த்தால்தான் புரியும்.

பழுது அல்லாத ஒரு நிறுத்தமும் உண்டு. ஆன் நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது சூட்டு அழைப்பு வந்தால், பல ஃபர்னஸ்கள் பற்றவைக்கும் நேரத்தில் விசிறியை நிறுத்தி, நெருப்பு பிடித்து அரை நிமிடம் போல ஆனபின் சூட்டு வேகத்தில் மறுபடி கிளப்பும். காற்றைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் சீக்கிரம் சூடாகவும், குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்காமல் இருக்கவும் செய்த ஏற்பாடு இது. நாளில் பலமுறை இப்படி நின்று ஓடினால் அது போர்டின் வேலைமுறை, யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

ஏசியே இல்லாத பழைய வீடுகளில் நிலைமை தனி. சுவருக்கு வருவது ஆர், டபிள்யூ என்ற இரண்டே வயர்கள். அங்கே டி6 ப்ரோவை மாட்டினாலும் விசிறிப் பொத்தானுக்கு வேலை இல்லை. போர்டில் ஜி முனை இருந்தால் 18 கேஜ் ஐந்து வயர் கேபிள் புதிதாக இழுத்துவிடுங்கள், இழுக்கிற இழுப்பில் சியும் கிடைத்துவிடும். போர்டே இல்லாத மிகப் பழைய ஃபர்னஸ் என்றால், டிரான்ஸ்ஃபார்மரும் ரிலேயும் சேர்ந்த ஆர்8285 போன்ற விசிறி மையம் ஒன்றைப் பொருத்த வேண்டும். அல்லது செலவே இல்லாத வழி: எல்4064 வகை விசிறி-வரம்புக் கட்டுப்பாட்டில் வெள்ளைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை உள்ளே அழுத்தினால் விசிறி தொடர்ந்து ஓடும், வெளியே இழுத்தால் தானியங்கி. வட்டின் மீதுள்ள சூட்டு வரம்பு முள்ளை மட்டும் தொடாதீர்கள், அது பாதுகாப்புக்கு வைத்தது.

மின்கட்டணக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண மோட்டார் 400 வாட் இழுக்கிறது என்று கொண்டால், நாள் முழுக்க ஓட 30 நாளில் 288 யூனிட். குறைவேகத்தில் 80 வாட்டில் ஓடும் இசிஎம் 58 யூனிட்டுக்குள் முடித்துவிடும். பழைய மோட்டார் வீட்டில் எந்நேரமும் ஆன் வைப்பதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. அங்கே டி6 ப்ரோவின் சர்க் நிலைதான் பொருத்தம்: அதே 400 வாட் 35 சதவீத நேரம் ஓடினால் 101 யூனிட், அறைகளுக்கிடையே சூடும் ஓரளவு சமமாகும். இசிஎம் இருந்தால் தயங்காமல் ஆன்.

ஆனால் கோடையில் எந்த மோட்டாராக இருந்தாலும் ஆட்டோதான். ஏசி ஓடும்போது அதன் குளிர்க் காயிலில் படிந்த ஈரம், கம்ப்ரஸர் நின்றபின்னும் விசிறி ஓடினால் ஆவியாகி வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும். ஜூலை மாத ரொறன்ரோவில் வீடு குளிராக இருந்தும் பிசுபிசுப்பாக இருக்கிறது என்றால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

டி6 ப்ரோவின் குறைகளில் பெரியது, சர்க் நிலையின் 35 சதவீதத்தை மாற்ற வழியில்லாதது. மணிக்கு 15 நிமிடம் போதும் என்பவருக்கும் 40 நிமிடம் வேண்டும் என்பவருக்கும் ஒரே அளவுதான். எச்.ஆர்.வி.யோடு ஒத்திசைத்து ஓட்ட நினைப்பவர்களுக்கு இது போதாது. ஈகோபீயில் மணிக்கு 0 முதல் 55 நிமிடம் வரை, ஐந்து ஐந்தாகக் கூட்டி, குறைந்தபட்ச விசிறி நேரம் வைக்கலாம். நான்கு வயர் வீட்டில் அதற்கான பவர் எக்ஸ்டெண்டரை ஃபர்னஸ் போர்டில் பொருத்தினால் ஜியை இழக்காமலே மின்சாரமும் கிடைக்கும். விசிறிக் கட்டுப்பாட்டில் ஈகோபீ ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விலை கூடுதல், போர்டைத் திறந்து வயர் மாற்றும் வேலையும் கூடுதல். ஃபோனிலிருந்து இயக்கத் தேவையில்லாத வீட்டுக்கு, பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்கு, வாடகைக்கு விட்ட நிலவறை வீட்டுக்கு டி6 ப்ரோதான் பொருத்தம். எண்கள் பெரிதாகத் தெரியும், பொத்தான் குறைவு, வைஃபை விழுந்தது என்ற தொல்லை இல்லை. சி வயர் இல்லாமல் ஓட்டுபவர்கள் அல்கலைன் பேட்டரியே போடுங்கள், தாழ்ந்த பேட்டரி அடையாளம் தெரிந்த வாரத்திலேயே மாற்றுங்கள். குளிர்காலத்தில் பேட்டரி தீர்ந்தால் நிற்பது விசிறி மட்டுமல்ல, சூடும்தான்.

ஒரே கட்டச் சூடும் ஒரே கட்ட ஏசியும் உள்ள வீட்டுக்கு டிஎச்6210யூ போதும். குறைவு, முழு என இரண்டு கட்டமாக எரியும் ஃபர்னஸ் என்றால் டிஎச்6220யூ எடுங்கள். போர்டில் டபிள்யூ1, டபிள்யூ2 என்று இரு முனைகள் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மாட்டுவதும் மேலே சொன்ன குறைந்த வோல்ட் சோதனைகளும் பொறுமையுள்ள யாருக்கும் கைகூடும். கேஸ் வால்வு, பர்னர், புகைக்குழாய் பக்கம் மட்டும் கை வைக்க வேண்டாம். ஒன்ராறியோவில் அதைத் தொட, அந்த மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏவின் சான்று பெற்ற கேஸ் தொழில்நுட்பர் வேண்டும். அவரை அழைக்கும்போது ‘விசிறி ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘போர்டில் ஜிக்கும் சிக்கும் நடுவே 24 வருகிறது, ரிலே டிக் என்கிறது, மோட்டார் அசையவில்லை’ என்று சொன்னால் அவர் உரிய கப்பாசிட்டரையோ போர்டையோ வண்டியிலேயே எடுத்து வருவார், இரண்டாவது வருகைக்கான கட்டணம் மிஞ்சும்.